டிரெண்டைப் பார்த்து எழுத வருகிறீர்களா? அளவு நோட்டிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் எங்கள் தெருவில் ஒரு தையல் கடை இருக்கிறது. ஒரு தையல் எந்திரம், ஒரு ஓவர்லாக் எந்திரம், சுவரில் ஒரு நாள்காட்டி, அவ்வளவுதான் கடை. அந்த அக்காவின் அளவு நோட்டை நான் எந்த ஃபேஷன் பத்திரிகையையும்விட அதிகமாக நம்புகிறேன். பக்கத்துக்கு ஒரு பெயர். கீழே மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து ஆழம். ஓரத்தில் குண்டூசி குத்திய துணித் துண்டு. பழைய நோட்டைப் புரட்டினால் கை நீளம் 6 அங்குலம், 7 அங்குலம் என்று போகும். புது நோட்டில் 10, 11 என்று ஏறியிருக்கும். கை முழங்கையைத் தொட்டுவிட்டது. "எண்பது சென்டி பத்தல பாப்பா, இப்பல்லாம் ஒரு மீட்டர் எடுத்துட்டு வரச் சொல்லிடுறேன்" என்றார் அக்கா.

அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் கேட்டு ரவிக்கைக் கையை நீட்டவில்லை. தனித்தனியாக வந்தார்கள், தனித்தனியாகச் சொன்னார்கள். அது ஒன்றாகச் சேர்ந்து தெரிந்த இடம் அந்த நோட்டு. பலர் தனித்தனியாகச் செய்யும் ஒரு சின்ன மாற்றத்தை, அவர்களுக்கே அது தெரிவதற்கு முன் கவனித்து, தேதி போட்டு எழுதிவைப்பதுதான் டிரெண்டைப் பற்றி எழுதும் நம் வேலை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எழுத ஆரம்பித்தேன், ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் ஒரு சுற்று வந்து போய்விட்டன. புதிதாக எழுத வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். எதைப் பார்ப்பது? பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டால் என்ன செய்வது? இரண்டாவதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதில்தான் எனக்கு அடி விழுந்தது.

முதலில் நோட்டு, அப்புறம் கேமரா

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஃபோனில் குறித்தாலும் சரி, ஆனால் தேதியும் நேரமும் இடமும் இல்லாத குறிப்பு பிறகு எதற்கும் உதவாது. என் குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"பிப்ரவரி 11, செவ்வாய், மாலை 4.40 – 5.10. கோரிப்பாளையம் பஸ் நிறுத்தம். எண்ணியது 62 பெண்கள், பெரும்பாலும் கல்லூரி வயது. சுங்குடியில் தைத்த குர்த்தி 3. மூன்றும் புதுத் துணி இல்லை, சாயம் வெளுத்த பழைய சேலை. ஒருத்தியிடம் கேட்டேன்: அம்மாச்சி சேலையாம், தையல்கூலி 350."

(சுங்குடி என்பது முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் மதுரைத் துணி.) இதில் முக்கியமான எண் 3 என்று நினைப்பீர்கள். எனக்கு 62தான் முக்கியம். எத்தனை பேரில் மூன்று என்று தெரியாவிட்டால் அடுத்த மாதம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே அரை மணி நேரம் என்று மாதம் இரண்டு முறை நில்லுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் மாறியது ஊரா, நீங்கள் நின்ற இடமா என்று குழம்பிப்போவீர்கள். டோக்கியோவில் ஷோயிச்சி ஆவோகி என்ற புகைப்படக்காரர் 1997இல் ஃப்ரூட்ஸ் என்று ஒரு இதழ் தொடங்கி, ஹராஜுக்கு என்ற பகுதி இளைஞர்களின் உடையையே 20 ஆண்டுகள் படமெடுத்தார். 2017இல் இதழை நிறுத்தியபோது, படமெடுக்கத் தகுந்த இளைஞர்கள் அங்கே கண்ணில் படவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். ஒன்று தேய்ந்து மறைவதும் செய்திதான். அதே தெருவில் அத்தனை ஆண்டுகள் நின்றவருக்கு மட்டும்தான் அதைச் சொல்லும் தகுதி உண்டு.

எங்கே நிற்பது? நுகர்வோர் நிற்கும் இடம் ஒன்று, செய்பவர் இருக்கும் இடம் ஒன்று, விற்பவர் இருக்கும் இடம் ஒன்று. எனக்குக் கோரிப்பாளையம், தையல்கார அக்கா, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகள். உங்களுக்கு உணவு பிடிக்கும் என்றால் பேக்கரி, மாவு அரைக்கும் கடை, மொத்த மளிகை. பெயர்ப்பலகை எழுதுபவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவர் என்று ஊர் மாற்றத்தை முதலில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். ஆனால் கடையில் கூட்டம் இருக்கும் நேரம் போகாதீர்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

ஒன்றைப் பார்த்ததும் எழுதிவிடாதீர்கள்

ஒரே நாளில் மூன்று பேர் ஒரே மாதிரி உடுத்தியிருந்தால், மூவரும் ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களாகக்கூட இருக்கலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. அதனால் நான் வைத்திருக்கும் விதி: ஒருவரை ஒருவர் அறியாத மூன்று இடங்களில் அது தெரிய வேண்டும். அப்புறம், செய்பவர் அல்லது விற்பவர் ஒருவராவது தாமாக "ஆமா, இப்ப இதைத்தான் கேக்குறாங்க" என்று சொல்ல வேண்டும். நீங்கள் "இது இப்போது அதிகம் போகிறதா?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஆமாம் என்றுதான் சொல்வார். "போன மாசம் எது தீர்ந்துபோச்சு அண்ணே?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

கூகுள் டிரெண்ட்ஸ் இலவசம், பயன்படுத்துங்கள். தமிழ்நாடு என்று இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையிலான எண் தேடியவர்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்த காலத்தில் உச்சம் தொட்ட நேரத்தை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. "தேடல் 100 ஆகிவிட்டது" என்று எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

படத்தில் வந்ததும் பரவியது என்று எழுதுவதும் ரொம்ப எளிது. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏதோ ஒரு படத்தின் பெயரில் சேலை தொங்குகிறதே என்று தோன்றும். ஆனால் பெயர் பரவுவது வேறு, பழக்கம் பரவுவது வேறு. அமெரிக்காவின் அயோவாவில் விவசாயிகள் ஒட்டுரக மக்காச்சோள விதைக்கு எப்படி மாறினார்கள் என்று பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1943இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னது பெரும்பாலும் விற்பனையாளர். துணிந்து விதைக்க வைத்தது பக்கத்து வயல்காரர். எங்கள் தெருவில் ரவிக்கைக் கை நீண்டதும் அப்படித்தான். எதிர்வீட்டு அக்கா தைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் துணி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்து வயலைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

எழுதும் முறை பற்றி நீட்டப் போவதில்லை. பார்த்ததை முதலில் எழுதுங்கள், எண்ணிக்கையை அடுத்து எழுதுங்கள், உங்கள் ஊகத்தை "என் ஊகம்" என்று சொல்லியே எழுதுங்கள். யாருடைய முகமாவது தெரிந்தால் கேட்டுவிட்டுப் படம் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் துணியை மட்டும், கையை மட்டும், செருப்பை மட்டும் எடுங்கள்.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குத் தெருவில் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் 1978இல் ஒரு பெண்ணைப் படமெடுத்தார். அவர் கண்ணில் பட்டது அந்த மேலங்கியின் தோள்பட்டை வெட்டு. அதை உடுத்தியிருந்தவர் கிரேட்டா கார்போ, உலகமே தேடிய நடிகை, என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த சம்பவம் இது. ஆளைப் பார்க்காமல் தோள்பட்டையைப் பார்த்த கண் அது.

தொலைபேசி வரும் நாள்

வரும். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தேதியோடு எழுதினால் ஒரு நாள் வரும். ஞாயிறு இணைப்புக்கோ பெண்கள் பக்கத்துக்கோ ஆள் தேடும் ஒரு நிருபர் கூப்பிடுவார். உங்கள் குரல் நடுங்கும், பரவாயில்லை.

எனக்கு வந்தது அந்தச் சுங்குடிக் கட்டுரைக்குப் பிறகு. பழைய சுங்குடிச் சேலைகளைக் கல்லூரிப் பெண்கள் குர்த்தியாக்குவதை நான்கு மாதம் எண்ணி எழுதியிருந்தேன். அதற்காக, வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் ஒரு பாட்டியிடம் பல நாள் போயிருந்தேன். துணியின் ஒரு நுனியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை நான்கைந்து முறை சுற்றி இறுக்குவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்ததும் முடிச்சைப் பிரித்தால் உள்ளே சாயம் போகாத புள்ளி பூத்திருக்கும். கையால் போட்ட புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. துணியைத் தடவினால் மெல்லிய சுருக்கம் தெரியும். அச்சுப் போட்ட சுங்குடியில் அது கிடைக்காது. மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது.

நிருபர் நன்றாகத்தான் பேசினார், நானும் எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. தலைப்பு: "சுங்குடிக்கு உயிர் கொடுத்த கல்லூரி மாணவி." உள்ளே பாட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் அன்று காலை சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. மறுநாள் பாட்டி வீட்டுக்குப் போனேன். பேத்தி அவருக்குப் படித்துக் காட்டியிருந்தாள். பாட்டி கோபப்படவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டே, "நீ எப்பம்மா முடிச்சுப் போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

திருத்தம் போடச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், வரவில்லை. என் பக்கத்தில் நானே எழுதினேன்: நான் பார்த்தவள் மட்டும், செய்தவர்கள் இவர்கள் என்று. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. நீங்கள் முதல் பேட்டியிலேயே தொடங்கிவிடுங்கள்.

உடனே பேட்டி கொடுக்காதீர்கள். "ஒரு மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எந்தப் பக்கத்துக்கு, எதைப் பற்றி, என்னைப் பற்றியா டிரெண்டைப் பற்றியா, எப்போது வரும், வேறு யாரிடம் பேசுகிறீர்கள்? நேர்மையான நிருபர் இதற்குக் கோபப்பட மாட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும், எப்போது தொடங்கினீர்கள், எண்ணிக்கைகள், நீங்கள் கற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் (அவர்கள் சம்மதித்தால்), அப்புறம் "நான் செய்யாதவை" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "நான் சுங்குடி நெய்யவோ முடிச்சுப் போடவோ மீட்கவோ இல்லை, மற்றவர்கள் உடுத்துவதைக் கவனித்து எழுதுகிறேன்" என்று இப்போதும் அனுப்புகிறேன்.

செய்தி எழுதியவர் தலைப்பை எழுதுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும் துணை ஆசிரியரின் வேலை. நீங்கள் போனில் சொன்ன விளக்கம் எதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. எழுத்தில் இருக்கும் ஒரு பக்கம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். முழுக் கட்டுரையையும் அச்சுக்கு முன் காட்டச் சொன்னால் மறுத்துவிடுவார்கள், அது அவர்கள் வழக்கம். "நான் சொன்னதாக வரும் வரிகளையும் எண்களையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்டால் பலர் செய்வார்கள்.

பேட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது சொல்வதும் பேட்டிதான். அச்சில் வரக் கூடாததை வாயால் சொல்லவே சொல்லாதீர்கள்.

தொலைக்காட்சி என்றால் கொஞ்சம் வேறு. மூன்று மணி நேரம் எடுப்பார்கள், இரண்டு நிமிடம் வரும். ஒவ்வொரு பதிலும் 20 விநாடிக்குள் முழுதாக முடியட்டும். நீளமாகச் சொன்னால் அவர்கள் வெட்டும் இடத்தில் பொருள் மாறிவிடும். பொடிக்கட்டம், நெருக்கமான மெல்லிய கோடு போட்ட துணியைத் தவிருங்கள், கேமராவில் அலையடித்து மின்னும். காலர் மைக் குத்தினால் துப்பட்டா உரசாமல் பின் போடுங்கள். வளையலைக் கழற்றிப் பையில் வையுங்கள். "இன்றைய பெண்கள் பண்பாட்டை மறந்துவிட்டார்களா" என்பது மாதிரியான விவாதத்துக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் நோட்டில் உள்ள மூன்று பேரை வைத்து அங்கே யாரையாவது திட்டுவார்கள். உங்களிடம் பேசிய பெண்ணுக்கு அது துரோகம்.

"உங்களுக்கு இளம் சாதனையாளர் விருது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒரு அழைப்பும் வரும். பணம் கேட்கும் விருது விருதே இல்லை, கட்டாதீர்கள்.

பெட்டிகள் வரத் தொடங்கும்போது

பெயர் பத்திரிகையில் வந்ததும் வீட்டுக்குக் கூரியர் வரும். சேலை, செருப்பு, முகப்பூச்சு. இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டோ பணம் வாங்கிக்கொண்டோ எழுதினால், அது விளம்பரம் என்று படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிகள் 2022இலும், நுகர்வோர் விவகாரத் துறையின் வழிகாட்டி 2023இலும் வந்தன. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்தால் செல்லாது. காணொளி என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்; திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வரியும் உண்டு. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. பொருளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது பொருந்தாது. எது வந்தாலும் பெட்டி, தேதி, மதிப்பு என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

சட்டத்தைத் தாண்டி என் கருத்தைச் சொல்கிறேன். எந்தத் துறையின் டிரெண்டை எண்ணுகிறீர்களோ அந்தத் துறையிலிருந்து எதையும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு தெருவில் அந்தச் செருப்பு மட்டும் கண்ணில் படும். மேலே சொன்ன கன்னிங்ஹாம் பெரிய பெரிய விருந்துகளைப் படமெடுப்பார், அங்கே ஒரு குவளைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தொழிலாளிகள் போடும் நீலச் சட்டையும் சைக்கிளுமாகவே 87 வயது வரை, 2016இல் இறக்கும்வரை வேலை பார்த்தார். நான் அந்த அளவுக்கு இல்லை, தேநீர் குடித்துவிடுவேன். சேலை வாங்குவதில்லை. வருமானத்துக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். தொடங்கும்போது நீங்களும் வேறொரு வருமானம் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

வீடும் வயதும்

பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றால் இதைக் கட்டாயம் படியுங்கள். சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் டாவி கெவின்சன் என்ற சிறுமி 2008இல், 11 வயதில், உடைகளைப் பற்றி எழுதத் தொடங்கினாள். அடுத்த ஆண்டே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையின் அட்டையில் வந்தாள். 2010 ஜனவரியில் பாரிஸில் டியோர் என்ற ஃபேஷன் நிறுவனத்தின் உடைக் காட்சியில் முன்வரிசையில் பெரிய ரிப்பன் தொப்பியோடு உட்கார்ந்தபோது, பின்னால் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை என்பதே செய்தியாகிவிட்டது. இவ்வளவையும் ஒரு சிறுமி தானே எழுதுகிறாளா என்று பெரியவர்கள் அச்சிலேயே சந்தேகப்பட்டார்கள். அவளோடு காட்சிகளுக்கு அப்பா கூட வந்தார். 2011 செப்டம்பரில், 15 வயதில், தன் வயதுப் பெண்களுக்காகவே ஒரு இணைய இதழ் தொடங்கினாள். 2018 வரை அது வந்தது. தன்மேல் விழுந்த வெளிச்சத்தைத் தன் வயதுப் பெண்களின் எழுத்துப் பக்கம் திருப்பிவிட்டாள் என்பதால் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை.

அதனால் முதல் பேட்டிக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். நிருபர் எண்ணை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். பள்ளி, தெரு, வீட்டு முகப்பு எதுவும் படத்தில் வேண்டாம். செய்தி வந்த வாரம் பின்னூட்டங்களை நீங்கள் படிக்காமல் நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். என் நிறத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி வந்ததையெல்லாம் என் அக்கா அழித்தாள். எண்ணிக்கையில் தவறு என்று ஒருவர் எழுதியிருந்ததை மட்டும் எடுத்துக் காட்டினாள். அவர் சொன்னது சரி, திருத்தினேன். மிரட்டல் வந்தால் அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்துவைத்து cybercrime.gov.in தளத்தையோ சைபர் குற்றப் பிரிவையோ அணுகுங்கள்.

செய்தி வந்த மறு செவ்வாய், வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்துக்குப் போய்விடுங்கள். யாராவது அடையாளம் கண்டு செல்ஃபி கேட்டால் எடுத்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

போன செவ்வாய் நான் போயிருந்தேன். 58 பெண்கள். சுங்குடி 9. ஒரு பெண் சுங்குடியில் தைத்த மடிக்கணினி உறை வைத்திருந்தாள். பேருந்து வந்துவிட்டதால் கேட்க முடியவில்லை. ஒன்று என்று மட்டும் குறித்திருக்கிறேன்.